நீலகிரிக்குச் சீமை வேஷம் கட்டிய சலிவன் துரை

ஆங்கிலேயருடைய சரித்திரத்தில் ஜூன் மாதம் 15-ஆம் தேதி பெயர் பெற்ற நாள். 1215-ஆம் வருஷத்தில் அந்நாளில்தான் ஜான் என்னும் மன்னனை அவனுடைய பிரபுக்கள் தேம்ஸ் நதியோரத்து ரன்னிமீட் புல்வெளியில் மடக்கி நிறுத்தி, மகா சாஸனம் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் முத்திரை வைக்கச் செய்தனர். நியாய விசாரணையின்றி எவனையும் சிறையிடலாகாது, எவன் உடைமையையும் பறித்தலாகாது என்பன அப்பத்திரத்தின் முக்கிய ஷரத்துக்கள். அரசனும் சட்டத்துக்குட்பட்டவனே என்று ஆங்கிலேயர் பெருமை பேசுவதெல்லாம் அந்த ஒரு நாளை ஆதாரமாகக் கொண்டுதான். தம் நாட்டில் தாம் கொண்டாடும் இந்நியாயத்தைக் கப்பலேறும்போது அவர்கள் கரையிலேயே விட்டு வருவது வழக்கம். அதை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவர் வெகு சிலர். அச்சிலரில் ஒருவர், அதே ஜூன் 15-ஆம் தேதியில், 573 வருஷங்களுக்குப் பின் 1788-இல் பிறந்தார். அம்மன்னனுடைய பெயரே அவருக்கும் வாய்த்தது. அவரே உதகமண்டலத்தை உண்டாக்கிய ஜான் சலிவன் துரை.

அவர் பிறந்த வருஷமும் விசேஷமானதே. அவ்வருஷம் பிப்ரவரியில்தான் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது, இந்தியாவில் செய்த கொடுமைகளுக்காக, விசாரணை தொடங்கிற்று. ஏழு வருஷம் நடந்த அவ்விசாரணை ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு முடிந்தது. அவ்வருஷக் கடைசியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிற்று. கிழக்கே ஒரு தேசத்தை வியாபாரக் கம்பெனியொன்று விழுங்கிக்கொண்டிருக்க, மேற்கே அரசர் புத்தி பேதலித்திருந்த காலம் அது.

1804-இல், பதினாறு வயது நிரம்பும் பருவத்தில், சலிவன் கம்பெனியாரின் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். மீசை முளைக்குமுன்னரே பிள்ளைகளைக் கப்பலேற்றி, ஜில்லாக்களை ஆளப் பழக்குவது கம்பெனியாரின் முறை. நம்மவர் ஐம்பது வயது வரை தாலூகாவில் உழைத்தும் எட்ட முடியாத பதவிகளை இவர்கள் முப்பது வயதுக்குள் எட்டிவிடுவர். சலிவனும் அவ்வாறே 1817-இல் கோயம்புத்தூர்க் கலெக்டரானார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டபின் மைசூரிடமிருந்து கம்பெனியார் பறித்துக்கொண்ட நாடு கோயம்புத்தூர். அதனோடு, ஏறிப் பாராமலே, நீலகிரியும் அவர்கள் கைக்கு வந்திருந்தது.

நீலகிரியைச் சலிவன் துரை கண்டுபிடித்தார் என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெகு காலம் பாடம் சொல்லப்பட்டு வந்தது. இது விந்தையான பேச்சு. ஆயிரக்கணக்கான தோடரும் படகரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மலையை எவன் கண்டுபிடிப்பது? வெள்ளையரைப் பற்றிய மட்டில் பேசினாலும், 1603-லேயே மலையாளக் கரையிலிருந்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் அங்கே ஏறிச் சென்று தோடர்களைக் கண்டு பேசியிருக்கிறார். சலிவனுடைய கீழதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் 1818-இல் மேலேறிப் போய்த் திரும்பி, அங்கே வெயிற்காலத்திலும் குளிர் காய்கிறதென்று சொன்னதைக் கேட்டே சலிவனுக்கு ஆசை பிறந்தது. ஆகவே அவரைக் கண்டுபிடித்தவர் என்பது தகாது. குடியேறியவர், குடியேற்றியவர் என்பதே சரி.

1819 ஜனவரித் தொடக்கத்தில் சலிவன் பரிவாரத்தோடு புறப்பட்டார். பாதையில்லாத காடு, செங்குத்தான சரிவு, விஷ ஜ்வரம் ஆகியவற்றையெல்லாம் கடந்து, கோத்தகிரிக்கு அருகேயுள்ள திம்பட்டிப் பகுதியை அடைந்து, அங்கே பிரிட்டிஷ் கொடியை நாட்டினார். அவ்வருஷமே மறுபடியும் சென்றார். அப்போது லெஷனோ என்னும் பிரெஞ்சு தாவர சாஸ்திரி உடன் சென்றார். கீழ்நாட்டில் நோயால் நலிந்திருந்த அவர் மலைக்காற்றில் சீக்கிரம் தேறினார். இச்செய்தி பரவியதும் சென்னையிலுள்ள துரைமார்களுக்கு நீலகிரி ஓர் அமிர்த சஞ்சீவியாகத் தோன்றலாயிற்று. திம்பட்டியையடுத்த கன்னேரிமுக்கில் சலிவன் கட்டிய பங்களா பிற்காலத்தில் பாழடைந்து கிடந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டு அவர் ஞாபகச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தபடி பாதை வேண்டும். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் மலைமீது ஒரு வழி வெட்டப்பட்டு 1823-இல் முடிந்தது. மேற்பார்வை செய்த மக்பெர்ஸன் என்னும் பட்டாளத்து அதிகாரியின் பெயர் ஏட்டில் நிற்கிறது. வெட்டியவர்கள் சிறைக் கைதிகள். மலையடிவாரத்து ஜ்வரத்துக்கு இரையாகி அவர்களில் மாண்டோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உதகைக்கு மோட்டாரில் உல்லாசமாகச் செல்வோர் கோத்தகிரிச் சாலையின் வளைவுகளில் இதை நினைப்பதுண்டோ என்பது ஐயமே.

திம்பட்டியோடு சலிவன் நிற்கவில்லை. மேற்கே, இன்னும் உயரத்தில், தோடர்களின் மந்து ஒன்று இருந்த பள்ளத்தாக்கு அவர் மனத்தைக் கவர்ந்தது. ஒத்தைக்கல் மந்து என்று அதற்குப் பெயர் வழங்கியதென்பர். வெள்ளையர் நாவில் அது ஊட்டக்கமண்டாகி, பின்னர் ஊட்டியாகக் குறுகிற்று. நம்மவரோ அதனை உதகமண்டலம் என்று திருத்திக்கொண்டனர். அங்கே அவர் 1822-இல் தமக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினார். உதகையில் எழும்பிய முதல் ஐரோப்பிய வீடு அது. மலை ஜனங்கள் அதைக் கல் பங்களா என்றழைத்தனர். இன்று அவ்விடத்தில் அரசாங்கக் கலைக் கல்லூரி நடக்கிறது. 1820-இல் அவர் மணந்த ஹென்ரியெட்டா அம்மையாரே அம்மலையில் காலடி வைத்த முதல் வெள்ளை மாது.

பிறகு நடந்ததை வேடிக்கையென்பதா, வேதனையென்பதா என்று தெரியவில்லை. சலிவன் சீமையிலிருந்து ஒரு தோட்டக்காரனை வருவித்தார். உருளைக்கிழங்கும் பார்லியும் முட்டைக்கோஸும் ஆப்பிளும் பீச்சும் ஸ்டிராபெரியும் தோடர்களின் புல்வெளியில் வேர் விட்டன. 1823 முதல் 1825 வரை பள்ளத்தாக்கின் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி அமைத்தார். கீழ்நாட்டு வறட்சிக்கு அந்நீர் உதவும் என்பதும் அவருடைய எண்ணம். அவ்வேரியின் பெரும்பகுதி பிற்காலத்தில் தூர்க்கப்பட்டுக் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் நிலையமும் ஆயிற்று. எஞ்சிய துண்டில்தான் இப்போது படகு விடுகின்றனர். கவர்னர் தாமஸ் மன்றோவுக்குச் சலிவன் எழுதிய கடிதங்களில், ஐரோப்பாவில் ஸ்விட்ஸர்லாந்தைத்தான் இந்நாட்டுக்கு ஒப்பிடலாம் என்ற கருத்தைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் 1826-இல் மன்றோவையும் மேலே வரவழைத்து விருந்தளித்தார்.

அவர் நட்ட சீமை மரங்களில் ஓக் மரமும் ஒன்று. ஓக் மரத்தைப் பற்றி ஆங்கிலேயரிடம் ஒரு நாடோடி வழக்கம் உண்டு. 1651-இல் வூஸ்டர் யுத்தத்தில் தோற்றோடிய இரண்டாம் சார்லஸ் ஓர் ஓக் மரத்தின் கிளைகளுக்கிடையே ஒளிந்து எதிரிகளிடமிருந்து தப்பினான். 1660-இல் அவன் சிம்மாசனமேறியபின், மே மாதம் 29-ஆம் தேதியைத் திருநாளாக்கினர். அன்று கிராமத்தார் ஓக் இலையைத் தொப்பியில் செருகிக்கொள்வர். இலை தரியாத பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் காஞ்சொறியிலையால் அடிப்பர். அரசன் ஒருவன் மரத்தில் ஒளிந்ததையும் தேசத் திருநாளாக்கும் பக்தி அவர்களுடையது. நம் கிராமத்து ஆலமரத்துக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுவதைப் பார்த்து அவர்கள் சிரிப்பது மட்டும் நிற்பதில்லை.

உதகையிலுள்ள ஸெயிண்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் கதை இதைவிட ரஸமானது. 1829 ஏப்ரல் 23-ஆம் தேதி அதற்குக் கடைக்கால் நாட்டினர். அது நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் என்று கொண்டாடப்பட்ட நாள். அம்மன்னர் பிறந்ததோ ஆகஸ்ட் 12-ஆம் தேதி. ஆயினும் இங்கிலாந்தின் காவல் தெய்வம் போன்ற ஜார்ஜ் முனிவரின் நாள் ஏப்ரல் 23 ஆதலால், பெயர்ப் பொருத்தம் பார்த்து அந்நாளையே அரசர் ஜனன தினமாக வைத்துக்கொண்டனர். நம்மவர் நட்சத்திரம் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கட்டடத்துக்கு வேண்டிய மரம் எங்கிருந்து வந்தது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுடைய அரண்மனையைப் பிரித்து, அதன் உத்தரங்களை மலையேற்றிக் கொண்டுவந்தனர். தன் நாட்டுக்காக வாளேந்தி மடிந்த மன்னனுடைய கூரையின்கீழ், அவனை வென்றவர்களின் அரசனுக்கு நீண்ட ஆயுள் வேண்டி ஜபம் நடக்க ஏற்பாடாயிற்று. ஆனால் ஆயுள் நீளவில்லை. கட்டடம் முடிவதற்குள், 1830 ஜூனில், நான்காம் ஜார்ஜ் இறந்தார். கல்கத்தா பிஷப் டர்னர் அக்கோயிலைப் பிரதிஷ்டை செய்தபோது அரசர் நான்காம் வில்லியம்.

அப்பிரதிஷ்டை நடந்த தேதி நவம்பர் 5. இதையும் ஆங்கிலேயக் குழந்தைகள் நன்கறிவர். 1605-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னனையும் பார்லிமெண்டையும் சேர்த்து வெடிமருந்தால் தகர்க்கச் சிலர் சதி செய்தனர். நவம்பர் 5-இல் கை பாக்ஸ் என்பவன் பீப்பாய்களோடு நிலவறையில் பிடிபட்டான். அதுமுதல் வருஷந்தோறும் அன்றிரவு தெருக்களில் சொக்கப்பானை கொளுத்தி, வைக்கோலால் பாக்ஸின் உருவம் செய்து அதிலிடுவர். அதற்குமுன் சிறுவர் அவ்வுருவத்தைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று காசு கேட்பர். வாணவேடிக்கையும் உண்டு. நம் கார்த்திகையும் தீபாவளியும் ஒன்று சேர்ந்தாற்போன்ற பண்டிகை அது. இந்த நவம்பர் 5-க்கும், மே 29-க்கும், முதலாம் சார்லஸின் தலையை அவன் பிரஜைகளே வெட்டிய ஜனவரி 30-க்கும் தனித்தனிப் பிரார்த்தனைகள் 1859 வரை அவர்களுடைய ஜபப் புத்தகத்தோடு சேர்ந்திருந்தன. ஆக, இங்கிலாந்து அரசர்களின் தப்பிப் பிழைத்த கதையும் தலையிழந்த கதையும் தோடர் எருமை மேய்ந்த மேட்டின்மீது சில காலம் ஓதப்பட்டு வந்தன!

அந்தக் கோயிலுக்குக் கடைக்கால் நாட்டியவர் கவர்னர் லஷிங்டன். அவருக்கும் சலிவனுக்கும் விளைந்த விரோதம் ஒரு பெரிய விஷயத்தைப் பற்றியது. நீலகிரி மண் யாருடையது என்பதே அக்கேள்வி.

இங்கே சலிவனைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே தடுமாறுவர். சலிவன் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார். பெரும் பரப்பைத் தமதாக்கிக்கொண்டார். தோடர் எழுத்தறியார், பத்திரமறியார், மண்ணை விற்பது என்றால் என்னவென்றே அதுவரை கேட்டிரார். அவர்களிடம் ஒரு கலெக்டர் வந்து ஒரு ரூபாயை நீட்டினால், அதைக் கிரயமென்பதா, கட்டளையென்பதா? இது சலிவனுடைய கணக்கில் பற்றெழுத வேண்டிய தொகை. ஆனால் வரவுப் பக்கமும் ஒன்றுண்டு. விலை கொடுத்து வாங்கினதனாலேயே, தோடர்தாம் மண்ணுக்குடையவர் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதோடு விடாமல், இம்மலையின் நிலம் தோடர்களுக்கு முழுச் சொந்தமென்றும், அவர்களுடைய சம்மதமும் ஈடுமின்றிக் கம்பெனியார் ஓரடியும் எடுக்கலாகாதென்றும் எழுத்திலும் வாதத்திலும் ஓயாது போராடினார். லஷிங்டனோ, மண் சர்க்காருடையது, தோடர் வெறும் மேய்ப்பர் என்றார். கவர்னருக்கும் கலெக்டருக்கும் சண்டை வந்தால் வெல்வது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1830-இல் உதகையுட்பட நீலகிரியின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலையாள ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. சலிவனும் அவ்வருஷம் ஓய்வெடுத்துச் சீமைக்குச் சென்றார். கடைசியாக 1843-இல் கம்பெனியின் டைரக்டர்கள், தோடருக்கு மேய்ச்சல் பாத்தியதையன்றி வேறில்லை என்று முடிவு செய்தனர். உடைமையைப் பறிக்கலாகாதென்ற ரன்னிமீட் ஷரத்து நீலகிரி மலையேறவில்லை.

அம்முடிவின் பலனை மலை இன்றும் அனுபவிக்கிறது. புல்வெளியும் சோலைக்காடும் காப்பித் தோட்டங்களாயின. பிறகு தேயிலைத் தோட்டங்களாயின. குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை கிள்ளிய கைகள் கீழ்நாட்டிலிருந்து பஞ்சத்தால் மேலேறிய நம் கூலி ஜனங்களுடையவை. ஜக்கத்தலா என்ற படகர் ஊர்ப் பக்கத்தில் பட்டாளம் இறங்க, அவ்விடம் வெல்லிங்டன் பிரபு பெயரால் வெல்லிங்டன் ஆயிற்று. உதகை நாற்சந்திக்குச் சேரிங் கிராஸ் என்று பெயர். லண்டனிலுள்ள சேரிங் கிராஸுக்குக் காரணம் உண்டு. 1290-இல் எலினார் ராணி இறந்தபோது, அவளுடைய உடல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட வழியில் தங்கிய ஒவ்வோரிடத்திலும் முதலாம் எட்வர்டு ஒரு கற்சிலுவை நாட்டினான். கடைசிச் சிலுவை நின்ற இடம் சேரிங். உதகை நாற்சந்தியில் எந்த ராணியின் பிரேதமும் இறங்கியதில்லை. பெயர் மட்டும் வந்து இறங்கிற்று. செந்நரியை நாய்களோடு துரத்துவது சீமை ஜமீன்தார்களின் பழைய கேளிக்கை. உதகைப் புல்வெளியில் செந்நரி ஏது? நம் குள்ளநரியை அதற்குப் பதிலியாக நியமித்து, சிவப்புக் கோட்டும் கொம்பு ஊதலுமாய்த் தோடர் மேய்ச்சல் நிலத்தின் மீது குதிரையை விட்டனர். வீட்டு ஞாபகத்துக்காக நட்ட கார்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடி, புல்வெளியை மூடிக்கொண்டு போகிறது. அதை ஒழிக்க இன்று வனத்துறையார் படாத பாடு படுகின்றனர்.

இவை பெரும்பாலும் சலிவனுக்குப் பின் வந்தவர்களின் திருவிளையாடல்கள். வாயிலைத் திறந்து வைத்தவர் அவரே. ஆயினும், திறந்தவர் நினைத்தது வேறு, நுழைந்தவர் செய்தது வேறு.

சீமையிலிருந்து திரும்பிய சலிவன் ரெவினியூ போர்டில் தலைமை வகித்து, கவர்னருடைய நிர்வாக சபையிலும் அங்கத்தினரானார். உத்தியோகத்தில் உச்சிக்கு வந்த அக்காலத்தில்தான் குடும்பத்தில் இடி விழுந்தது. 1838-ஐ ஒட்டி மனைவியும் மகளும் அடுத்தடுத்து மாண்டனர். அவர்களை அந்த ஸெயிண்ட் ஸ்டீபன்ஸ் கோயில் மயானத்தில், தாம் உண்டாக்கிய ஊரின் மண்ணிலேயே, அடக்கம் செய்தார். 1841-இல் இந்தியாவை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். பிறகு அவர் உதகையைக் காணவில்லை.

பென்ஷன் வாங்கிய துரைமார் சீமையில் செய்வது நாமறிந்ததே. பங்களா, கிளப்பு, வேட்டை, இந்தியரின் நன்றிகேட்டைப் பற்றிய பேச்சு! சலிவன் அவ்வழி செல்லவில்லை. கம்பெனிப் பங்குதாரர்களின் சபையில் எழுந்து, அச்சபைக்குக் கசப்பானவற்றையே பேசி வந்தார். சாதாராவின் மராட்டிய அரசர் பிரதாப சிம்மரை 1839-இல் கம்பெனியார் பட்டத்திலிருந்து தள்ளிக் காசிக்கு அனுப்பியது அநீதியென்றார். 1848-இல் சாதாரா ராஜ்யத்தையே டல்ஹவுஸி விழுங்கியபோது அதையும் கண்டித்தார். கையெழுத்திட்ட உடன்படிக்கைகள் நம்மைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டு, இந்திய மன்னர்களுக்காக வாதாடும் சிறு நூலொன்றை 1853-இல் வெளியிட்டார். ஒரு சுதேச ராஜ்யம் அழிந்தால் என்னவாகிறதென்பதை அதில் அவர் காட்டுகிறார். அரசன் ஸ்தானத்தில் ஒரு வெள்ளைக் கமிஷனர் அமர்கிறான். டஜன் கணக்கான சுதேசி உத்தியோகஸ்தர் இடத்தைச் சில வெள்ளையர் பிடிக்கின்றனர். சபை கலைகிறது, வியாபாரம் குன்றுகிறது, ஜனங்கள் ஏழையாகின்றனர். கங்கைக் கரையில் செல்வத்தை உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழியும் கடற்பஞ்சுக்கு ஆங்கிலேயனை அவர் ஒப்பிட்ட உவமை அந்நூலில் வருகிறது.

அதை எழுதியவர் கல்கத்தாவிலோ பம்பாயிலோ பிறந்த தேசபக்தரல்லர். பஞ்சின் ஒரு துளையாக இருந்து முப்பத்தேழு வருஷம் உறிஞ்சும் வேலையை உள்ளிருந்தே பார்த்த ரெவினியூ போர்டுத் தலைவர். ஆதலால் அச்சொல்லுக்கு ஆயிரம் மேடைப் பிரசங்கங்களின் பலம் ஏற்பட்டது. இந்தியாவின் செல்வம் வடிந்துபோவதைப் பற்றி எழுதிய ரமேச சந்திர தத்தர் சலிவனையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். காங்கிரஸ் பிறப்பதற்கு முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன் சொல்லப்பட்ட உவமை பின்னர் நம் இயக்கத்தார் வாயில் வெகுகாலம் பழகிற்று. அதைக் கையாண்டவர்களில் எத்தனை பேருக்கு உதகை ஏரியை வெட்டியவரும் இவரும் ஒருவரே என்று தெரிந்திருக்கும்?

1855 ஜனவரி 16-இல் சலிவன் காலமானார். அவ்வருஷமே டல்ஹவுஸி உடல்நலம் நாடி உதகையில் வந்து சில மாதங்கள் தங்கினார். சலிவன் கண்ட குளிர்காற்றை வாங்கிக்கொண்டு, சலிவன் கண்டித்த கொள்கையை நடத்திவந்தார். அடுத்த வருஷம் அயோத்தி ராஜ்யம் போயிற்று. அதற்கடுத்த வருஷம் 1857.

உதகையில் 2022-இல் சலிவனுக்குச் சிலை வைத்தனர். கல்லறை இங்கே இல்லை. அது இங்கிலாந்தில், வின்ட்ஸர் அரண்மனைக்கு எட்டிய தூரத்தில், ஸ்லோ நகரையடுத்த அப்டன் லாரன்ஸ் கோயிலில் இருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வான சாஸ்திரியாய், யுரேனஸ் கிரகத்தைக் கண்டு, அதற்கு அரசர் பெயரையே சூட்டப் பார்த்த ஹெர்ஷலும் அக்கோயிலிலேயே அடங்கியிருக்கிறார். அவர் கல்லறையைத் தேடிச் செல்வோர் முன்பும் பலர். சலிவனுடையதோ நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, இந்த நூற்றாண்டில் நீலகிரியிலிருந்து தேடிச் சென்றவர்களாலேயே மீண்டும் அறியப்பட்டது. ரன்னிமீட் புல்வெளி அங்கிருந்து சில மைல் தூரம்.